வாசகர் கேள்வி-பதில்: விசார்டுக்கு பிளேட் ஆர்மர் கத்துக்கொடுக்கலாமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல டி அண்ட் டி விளையாட்டுல (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி, ஆளுக்கு ஒரு கேரக்டரா கதை ஆடுறது) கவசம் பத்தியே இருந்துச்சு, அதனால இந்த தடவை முழுப் பக்கமும் அதுக்கே.

கேள்வி: நான் 5ஆம் எடிஷன் நடத்துற டிஎம் (ஆட்டத்தையும் கதையையும் நடத்துறவர்). எங்க விசார்ட் (மந்திரவாதி கேரக்டர்), செத்துப்போன ஒரு நைட்டோட பிளேட் ஆர்மரை (உடம்பு முழுக்க மூடுற இரும்புக் கவசம்) எடுத்து வச்சிருக்கார், ஊர்ல ரெண்டு வாரம் தங்கி நம்ம ஃபைட்டர்கிட்ட (போர்வீரன் கேரக்டர்) கத்துக்கிறேன்னு அடம்பிடிக்கிறார். விடலாமா?

பதில்: கத்துக்க விடுங்க, ஆனா ரெண்டு வாரத்துல வேண்டவே வேண்டாம். 2014ல வந்த அடிப்படை ரூல் புக்ல டிரெயினிங் ரூல் இருக்கு, 250 நாள், ஒரு நாளைக்கு 1 கோல்டு, ஆனா அது மொழிக்கும் டூலுக்கும் மட்டும்தான். 2017ல வந்த துணைப் புக்ல அதையே 10 வாரம், வாரத்துக்கு 25 கோல்டுன்னு சுருக்கினாங்க, அதுலயும் கவசம் கிடையாது. வேணும்னேதான் விட்டிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா கவசத்தை ஃபீட் (சில லெவல்ல கிடைக்கிற தனித் திறமை) எடுத்துத்தான் வாங்கணும், லைட்டுக்கு (லேசான கவசம்) ஒண்ணு, மீடியத்துக்கு (நடுத்தரம்) ஒண்ணு, ஹெவிக்கு (பிளேட் மாதிரி கனமானது) ஒண்ணு. விசார்டுக்கு ஃபீட் வர்றது 4, 8, 12 லெவல்ல, அப்போ ஒண்ணுமில்லாம ஆரம்பிக்கிற விசார்ட் பிளேட் வரைக்கும் வர 12 லெவல் ஆகும். குறுக்கு வழியா ஃபைட்டர்ல ஒரு லெவல் மல்ட்டிகிளாஸ் பண்ணா (அதாவது ஒரு லெவலை விசார்டுக்குப் பதிலா ஃபைட்டரா ஏத்தினா) மீடியமும் ஷீல்டும் (கேடயமும்) வரும், ஹெவி வராது, அதுக்கும் ஸ்பெல் (மந்திரம்) வளர்ச்சி ஒரு லெவல் பின்னாடி போயிடும்.

இவ்வளவு கணக்கா வச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2 உள்ள விசார்ட் மேஜ் ஆர்மர்ங்கற காப்பு மந்திரம் போட்டா ஏசி (எதிரி 20 பக்கப் பகடை உருட்டி, அட்டாக் எண்ணையும் கூட்டி எட்ட வேண்டிய எண்) 15, அட்டாக் +4 உள்ள கோப்ளின் 100க்கு 50 தடவை அடிச்சிடும். பிளேட்ல ஏசி 18, 35 தடவைதான் படும். அதுமேல ஷீல்டுங்கற ஸ்பெல்லும் (கேடயம் இல்ல, மந்திரம்) போட்டா ஏசி 23, 10 தடவைதான். முன்னாடி நின்னு அடி வாங்குறதுதான் தன் வேலைன்னு கேரக்டர் பண்ண ஃபைட்டருக்கு அப்புறம் அந்த மேசையில என்ன வேலை சொல்லுங்க.

என் மேசையில நான் வச்சிருக்கிற ஹவுஸ் ரூல் (புக்ல இல்லாம நாமளே வச்சுக்கிற விதி) இது. படிப்படியாத்தான் போகணும், லைட் தெரியாம மீடியம் கிடையாது, மீடியம் தெரியாம ஹெவி கிடையாது. லைட்டுக்கு 10 வாரம், மீடியத்துக்கு 20, ஹெவிக்கு 30, வாரத்துக்கு அதே 25 கோல்டு. அந்தத் துணைப் புக்ல இன்டெலிஜென்ஸ் (அறிவு) போனஸ் எவ்வளவோ அவ்வளவு வாரம் குறையும், அதை அப்படியே எடுத்தா விசார்டுக்குத்தான் லாபம், அதனால நான் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) போனஸைக் கழிக்கிறேன், கத்துக்கிறது உடம்புதானே. சொல்லிக்கொடுக்க அந்தக் கவசம் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே இருக்கணும், அது பார்ட்டியில உள்ள ஃபைட்டராவே இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா அப்போ இதுல அவருக்கும் ஒரு பங்கு வருது, ரெண்டு பேரும் ராத்திரி கேம்ப்ல உக்காந்து பேசுற சீன் தானா வரும். முன்னாடியே ஃபீட் செலவு பண்ணி கவசம் கத்துக்கிட்டவங்க யாராவது மேசையில இருந்தா அந்த ஃபீட்டை மாத்திக்க விட்டுடுங்க, இதை மறந்தா சண்டை நிச்சயம்.

இன்னொண்ணு, பிளேட்டுக்கு ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 15 வேணும், இல்லேன்னா வேகம் 10 அடி குறையும். ஸ்டெல்த்ல (ஒளிஞ்சு நகர்றதுல) டிஸ்அட்வான்டேஜும் (பகடையை ரெண்டு தடவை உருட்டி குறைஞ்சதை எடுக்கணும்) உண்டு. டிரெயினிங் முடிஞ்சாலும் இது ரெண்டும் போகாது, விசார்டுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

கேள்வி: பாதி டிரெயினிங்ல இருக்கும்போது சண்டை வந்தா என்ன பண்றது?

பதில்: ரூல்படி தெரியாத கவசம் போட்டா ஸ்ட்ரெங்த், டெக்ஸ் சம்பந்தப்பட்ட எல்லா ரோலுக்கும் டிஸ்அட்வான்டேஜ், ஸ்பெல்லே போட முடியாது. டிரெயினிங் வாரங்கள்ல பாதி தாண்டினவங்களுக்கு நான் அட்டாக் ரோல்ல மட்டும் அதை எடுத்துடுவேன். ஸ்பெல் விஷயத்துக்கு பழைய 3.5 எடிஷன்லேர்ந்து கடன் வாங்கலாம், அதுல ஃபுல் பிளேட்டுக்கு 35 சதவீதம் ஸ்பெல் ஃபெயிலியர், டி20 (20 பக்கப் பகடை) உருட்டி 1லேர்ந்து 7 வரைக்கும் விழுந்தா ஸ்பெல் வீண்னு வச்சுக்கலாம். அந்த எடிஷன்ல கவசம் தெரிஞ்ச விசார்டுக்கும் இந்த ஃபெயிலியர் இருக்கும், நான் அதை டிரெயினிங் காலத்துக்கு மட்டும்தான் வைப்பேன், கம்பெய்ன் (தொடர் ஆட்டம்) முழுக்க ஒருத்தர் டர்ன் இப்படி வீணாப் போறது நல்லா இருக்காது.

கேள்வி: நிஜத்துல கவசம் மாட்டிக்கிட்டு நடக்க இவ்வளவு பயிற்சி வேணுமா? சும்மா மாட்டிக்க வேண்டியதுதானே?

பதில்: மாட்டலாம், ரொம்ப நேரம் தாங்க முடியாது. 2011ல இங்கிலாந்துல லீட்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 15ஆம் நூற்றாண்டு மாதிரி செஞ்ச 30லேர்ந்து 50 கிலோ கவசத்தை மாட்டவச்சு ஆட்களை டிரெட்மில்ல நடக்கவிட்டாங்க, அதுவும் கவசம் போட்டுப் பழகின ஆட்கள், அவங்களுக்கே நடக்க ஆன சக்தி ரெண்டு மடங்குக்கு மேல. அதே கனத்தை முதுகுல பையா சுமந்தா இவ்வளவு ஆகாது, ஆனா இதுல ஒவ்வொரு அடிக்கும் கால்ல இருக்கிற இரும்பையும் சேர்த்து வீசணும், நெஞ்சுல இறுக்கம் வேற, ஆழமா மூச்சு இழுக்க முடியாம சின்னச் சின்னதா இழுக்கணும். ஆனா பழகினவங்க என்ன பண்ணுவாங்கன்னும் பதிவு இருக்கு, பூசிகோங்கற பிரெஞ்சு மார்ஷல், 1421ல செத்தவர், ஹெல்மெட் தவிர முழுக் கவசத்தோட குட்டிக்கரணம் அடிப்பார்னு அவரோட வாழ்க்கை வரலாறு சொல்லுது, அவர் இளவயசுலேர்ந்து கவசத்தோடயே ஓடித் தாவிப் பழகினவர்.

இதை மேசைக்குக் கொண்டு வரணும்னா, டிரெயினிங் முடியாதவங்க ஹெவி ஆர்மரோட ஒரு நாள் பயணம் போனா சாயங்காலம் டிசி 12 கான்ஸ்டிடியூஷன் சேவ் (பகடையோட போனஸைக் கூட்டி 12 எட்டணும்) கேளுங்க, தோத்தா ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் (களைப்பு). பிளேட்டை மாட்ட 10 நிமிஷம், கழட்ட 5 நிமிஷம்னு புக்லயே இருக்கு, அதையும் விடாதீங்க, ராத்திரி கேம்ப்ல எதிரி வரும்போது பாதிக் கவசத்தோட நிக்கிற விசார்டுக்கு ஃபைட்டர் ஓடிவந்து வார் கட்டிவிடுவாரா, இல்ல வாளை எடுப்பாரான்னு அந்த நேரத்துல அவங்களே முடிவு பண்ணட்டும்.

கேள்வி: ஷீல்டுக்கும் இதே ரூலா?

பதில்: வேண்டாம், லைட்டோட சேர்த்தே கத்துக்கொடுத்துடுங்க. 2024ல வந்த புது ரூல் புக்ல லைட் ஆர்மர் ஃபீட்லயே ஷீல்டும் சேர்ந்து வருது.