கேள்வி – பதில்: திரையை உறைய வைக்கும் அமெச்சூர் வானொலி

கேள்வி: எங்கள் தெருவில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் (பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் பிறருடன் பேசுபவர்) ஒருவர் பேசத் தொடங்கியதும், கேபிள் தொலைக்காட்சியில் சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகின்றன. குறை அவர் கருவியிலா, எங்களுடையதிலா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கம்பியில்தான். அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, கேபிள் நிறுவனங்களும் தம் கம்பிக்குள் பயன்படுத்துவதுண்டு. கம்பியின் உலோக உறை பழுதின்றி இருக்கும்வரை இரண்டும் கலப்பதில்லை. தளர்ந்த இணைப்பானோ, துருவேறிய ஸ்பிளிட்டரோ (ஒரு கம்பியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சிறு பெட்டி), மேலுறை நைந்த பழைய கம்பியோ இருந்தால் வெளி அலை உள்ளே புகுந்துவிடும். ஒரே அலைக்கற்றையில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால், அவை மட்டும் ஒன்றாகக் கெடுகின்றன.

அவரிடம் சண்டைக்குப் போகாமல், சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஒலிபரப்பச் சொல்லுங்கள். இத்தகைய சோதனைக்கு அமெச்சூர்கள் பொதுவாக மகிழ்ந்தே ஒத்துழைப்பார்கள். அந்நேரத்தில் ஸ்பிளிட்டரை நீக்கி, கம்பியை நேரடியாக செட்டாப் பெட்டியில் செருகிப் பாருங்கள். கோளாறு நின்றால் ஸ்பிளிட்டரையும் இணைப்பான்களையும் மாற்றச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் தெருக் கம்பத்திலிருந்து வரும் கம்பியைக் கேபிள்காரர் சோதிக்க வேண்டும்.

கேபிள் கம்பியைக் கழற்றிய பின்னும் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டால், அலை மின்கம்பி வழியாகவோ ஒலிபெருக்கிக் கம்பி வழியாகவோ நுழைகிறது என்று பொருள். அதற்கு, அக்கம்பியை ஃபெரைட் எனும் காந்தப் பீங்கான் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால் பெரும்பாலும் போதும்.