தலைப்பிரட்டையின் வால்

அன்புள்ள ஐயா,

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. புற்று செல்கள் ஒரு நொதியைச் சுரந்து, சுற்றியிருக்கும் திசுவைக் கரைத்துக்கொண்டுதான் பரவும் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த நொதியை அடக்க ஒரு மாத்திரை போதாதா? ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை?

எம்., கரூர்

அன்புள்ள எம்.,

செய்தார்கள். செய்து கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? 1962-இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்ற இருவர் அந்த வால் தோலைத் துணுக்குகளாக்கி, கொலாஜன் கூழின் மேல் வைத்துப் பார்த்தார்கள். துணுக்கைச் சுற்றிக் கூழ் கரைந்துபோயிருந்தது. கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் நார்ப்புரதம், லேசில் கரையாது. அதைக் கரைக்கும் நொதி அப்படித்தான் அகப்பட்டது.

அந்த நொதியின் குடும்பத்தில் நம் உடம்பிலேயே இருபதுக்கும் மேல் உண்டு. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்.எம்.பி. என்று எண் போட்டு அழைக்கிறார்கள். காயம் ஆறுவது, பிரசவத்துக்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவது எல்லாம் இவற்றின் உபயம். மார்பகத்தின் பால் குழாய்களைச் சுற்றி அடித்தளச் சவ்வு என்றொரு மெல்லிய படலம் இருக்கிறது. அதைத் தாண்டாதவரை புற்று அங்கேயே கிடக்கும். எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 போன்றவை அதை அரித்து வழிவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பல நேரம் இவற்றைச் சுரப்பது புற்று செல்லே அல்ல. பக்கத்திலிருக்கும் நல்ல செல்லைத் தூண்டிவிட்டு அதனிடம் வேலை வாங்கிக்கொள்கிறது. வேலியை வெட்ட நம் வீட்டு அரிவாளே போகிறது.

1990-களில் மாரிமாஸ்டாட் என்ற மாத்திரை வந்தது. இந்த நொதிகளின் நடுவில் ஒரு துத்தநாக அணு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடும். நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் முடக்கியது. சாப்பிட்டவர்களுக்கு விரல் மூட்டிலும் தோளிலும் வலி, விறைப்பு. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. சவ்வைத் தாண்டி வெளியே போன பிறகு கதவைச் சாத்தி என்ன பயன்? அப்புறம், எம்.எம்.பி.-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டி அதிகமாக வந்தது. அதாவது, இவற்றில் சில நம் பக்கம் நிற்பவை.

சரி, அத்தை விஷயம். பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (புற்று வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்று மூன்று வரி இருக்கும். எது பாசிட்டிவ் என்று பார்த்து மருந்து தருகிறார்கள். அடுத்த முறை டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.