ஈரலில் கொழுப்பு: நோயாளியின் செல்லை வைத்து ஆராய்வது எப்படி?

நோயாளியின் செல்லிலிருந்து உருவாக்கும் ஸ்டெம் செல்லை (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) வைத்துக் கொழுப்பு ஈரல் நோயை ஆராய்வது பற்றிக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அந்த வேலையில் இருப்பவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: தம்பி, இதுக்கு ஈரலில் ஊசி குத்துவீர்களா?

வேண்டியதில்லை ஆச்சி. கொஞ்சம் ரத்தம் போதும், இல்லையென்றால் தோலில் ஒரு துணுக்கு. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் எலி செல்லிலும், மறு ஆண்டு மனித செல்லிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த செல்லைக் கருநிலைக்கு, அதாவது ஸ்டெம் செல்லாக, திருப்பினார். 2012இல் நோபல் பரிசு வந்தது. அந்தச் செல்லுக்கு, கருவில் ஈரல் உருவாகும்போது கிடைக்கும் புரதங்களை அதே வரிசையில் கொடுத்தால் மூன்று வாரத்தில் ஈரல் செல் மாதிரி ஆகிவிடும். ஈரல் சுரக்கும் ரத்தப் புரதமான ஆல்புமின்கூடச் சுரக்கும்.

தேவகோட்டை: அண்ணே, குடிப்பதில்லை, ஒல்லியான உடம்பு. ஆனாலும் ஸ்கேனில் ஈரல் கொழுப்பு கிரேடு 2, நடுத்தரம் என்கிறார்கள். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும்தான் காரணமா?

பலகாரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. எடை கூடாமலே ஈரலில் கொழுப்பு சேருவது நம்மவர்களிடம் சகஜம். மரபணுவுக்கும் பங்கு உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், அதன் புரதம் கொழுப்புத் துளியின் மேலேயே ஒட்டிக்கொண்டு கொழுப்பைக் கரையவிடாது. 2008இல் தெரியவந்தது இது. இந்த மாற்றம் உள்ளவரின் செல்லை ஆய்வகத் தட்டில் வளர்த்து, ஓலிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை ஊட்டுவோம், நம் கடலை எண்ணெயில் நிறைய இருப்பதுதான். ஓரிரு நாளில் கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உட்கருவைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் துளிகள் தெரியும். அப்புறம் கிறிஸ்பர் முறையில் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தி, திருத்தாத செல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதே ஆளின் மரபணு. ஆகவே துளிகள் குறைந்தால் அது அந்த எழுத்தால்தான். இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இந்தத் தெளிவுதான்.

கோட்டையூர்: எலியில் பார்த்தால் போதாதா?

எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் பலிக்கவில்லை. ஆனால் தட்டில் வளர்ந்த செல்லுக்கும் குறை உண்டு. அது முழுதாக முதிராது, சிசுவின் ஈரல் செல்லைப்போலவே இருக்கும். தழும்பை உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல்லும் அதில் இல்லை. 2019இல் பல வகைச் செல்கள் சேர்ந்த குட்டி ஈரல், அதாவது ஆர்கனாய்டு, செய்து கொழுப்பமிலம் ஊட்டியபோது அழற்சி வந்தது, தழும்பு விழுந்தது, விறைக்கவும் செய்தது.

கண்டனூர்: ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஓர் இடத்தில் பணம் கேட்கிறார்கள். போடலாமா?

வேண்டவே வேண்டாம். இது ஆராய்ச்சிக் கருவி. கொழுப்பு ஈரலுக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் கொழுப்பு ஈரல் நோய்க்கு அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற மருந்தும் மாத்திரைதான். எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரல் அழற்சி தணியும். முதலில் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து, தழும்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.