ஆர்.எக்ஸ். 100-ல் 135 பிளாக் போடலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் என்ஜினைப் பிரித்து பவர் ஏற்றுவதைப் பற்றித்தான். ஐந்தை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சித்தப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 80-க்கு மேல் போக மறுக்கிறது. ஆர்.எக்ஸ். 135-இன் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) மாட்டி, போர்ட்டிங்கும் (அதன் துளைகளை ராவிப் பெரிதாக்குவது) செய்துவிட்டால் பறக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா சார்?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: செய்யலாம் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். அந்த வண்டி ஷோரூமை விட்டு வந்த நாளில் 11 எச்.பி., அதாவது 11 குதிரை சக்தி. அந்த 11-உம் உள்ளே இருந்தால் 80-ல் நிற்காது, நூறைத் தொட்டுப் பார்க்கும். அப்படியென்றால் முப்பது வருஷத்தில் எங்கோ இரண்டு மூன்று குதிரைகள் ஓடிப்போய்விட்டன, முதலில் அவற்றைப் பிடித்து வாருங்கள். சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறதா பாருங்கள், டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் என்ஜினில் ஒரு பகுதிதான். கலவை உள்ளே போகும் வழியில் இருக்கும் ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இதழுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்புறம் கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) ஆயில் சீல். அது கசிந்தால் வெளிக்காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் போர்ட்டிங் செய்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, 135 பிளாக். இரண்டு வண்டிக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ.தான், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் 50-லிருந்து 58 ஆகிறது, 98 சி.சி. 132 ஆகிறது. கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஆனால் பிஸ்டன் உரசி ஓடும் குழாயான ஸ்லீவ் பெரிதாக இருப்பதால் பழைய கிராங்க் கேஸின் வாய்க்குள் இறங்காது, கேஸை லேத்தில் ஏற்றி வாயைப் பெரிதாக்க வேண்டும். லேத்காரர் மையம் கொஞ்சம் விலகி வெட்டிவிட்டால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும், கேஸும் போச்சு. அந்தக் கேஸில்தான் என்ஜின் நம்பர் இருக்கிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டிங்கைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்படும் அனுபவம் இல்லை. கல்லூரி நாட்களில் நண்பனும் நானும் ஒரு அரைவட்ட அரத்தை வைத்துக்கொண்டு புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை இரண்டு பக்கமும் அகலப்படுத்தினோம். நன்றாகவே இழுத்தது. பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு தாண்டியதும் 'கிர்' என்று ஒரு சத்தம், பின்சக்கரம் நின்றுவிட்டது. பிளாக்கைத் தூக்கிப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் ஒடிந்து, அரிசி அளவுக்கு ஒரு துண்டு பிஸ்டன் தலையில் பதிந்திருந்தது, போரில் மேலிருந்து கீழ்வரை விரல் நகம் மாட்டும் ஆழத்துக்கு ஒரு கோடு. காரணம் இதுதான்: போர்ட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ரிங் வெளிப்பக்கம் கொஞ்சம் புடைத்து, திரும்ப உள்ளே நுழைகிறது. போர்ட் அகலமானால் புடைப்பு அதிகம். விளிம்பை மழுக்கிச் சரிவு கொடுத்திருந்தால் ரிங் வழுக்கி உள்ளே போயிருக்கும். நாங்கள் அரத்தால் ராவிய விளிம்பைக் கத்தி மாதிரி அப்படியே விட்டிருந்தோம். அரம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. விளிம்பை மழுக்குகிறாரா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்ப்ளெண்டர் ஹெட்டை 1 மி.மீ. வெட்டினால் கம்ப்ரெஷன் ஏறி பிக்கப் கூடும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏறும், கணக்குப் போட்டே பார்க்கலாம். 97.2 சி.சி., பழைய மாடலில் கம்ப்ரெஷன் 9:1, அதாவது உள்ளே வந்த கலவை ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுங்குகிறது. அப்படியென்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 12.15 சி.சி. போர் 50 மி.மீ., அதில் 1 மி.மீ. உயரம் குறைத்தால் ஏறக்குறைய 2 சி.சி. போய்விடும், விகிதம் 10.6-ஐ ஒட்டி வரும். இதனால் கிடைப்பது ஏட்டுக் கணக்கிலேயே நாலரை சதவீத பவர்தான். ஏழரை எச்.பி. வண்டியில் அது மூன்றில் ஒரு குதிரை. அதற்குப் பதில் நீங்கள் கொடுப்பது என்னவென்றால், வால்வு பிஸ்டனுக்கு 1 மி.மீ. பக்கத்தில் வருகிறது, ஹெட் இறங்குவதால் கேம் டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) கொஞ்சம் பின்தங்குகிறது. வெயில் காலத்தில் பின்னால் ஆள் வைத்து மேடு ஏறும்போது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங் சத்தம் கேட்டாலும் ஆச்சரியமில்லை. பிடிவாதமாக வெட்டித்தான் ஆவேன் என்றால், பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திறந்து, வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஸ்டார்ட் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு வேறு கேம், கடினமான வால்வு ஸ்பிரிங் போட்டு 7000 ஆர்.பி.எம். வரை சுற்றவைக்க ஆசை.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கட்டைவண்டி மாட்டைப் பந்தயத்துக்கு இழுக்கிறீர்கள். உங்களுடையது பழைய 346 சி.சி. என்ஜின் என்று வைத்துக்கொள்கிறேன்: ஸ்ட்ரோக் 90 மி.மீ., 5250 சுற்றில் 19.8 எச்.பி. அந்தச் சுற்றிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.75 மீட்டர். 56.4 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பல்சர் 150 இந்த வேகத்தைத் தொட 8400 சுற்று சுற்ற வேண்டும்! 7000-க்குப் போனால் உங்கள் பிஸ்டன் 21 மீட்டரில் ஓடும், பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை ஏறக்குறைய 1.8 மடங்காகும், ஏனென்றால் அது சுற்றின் இருமடியில் ஏறுகிறது. கேம் தாங்கும், ஸ்பிரிங் தாங்கும், ராடும் அதன் கீழ்முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கும் தாங்க வேண்டாமா? கம்பெனியே 500 சி.சி. செய்தபோது அதே 90 மி.மீ. ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரைத்தான் 70-லிருந்து 84 ஆக்கினார்கள். 27.2 எச்.பி. வந்தது.

கேள்வி: என்ஜினுக்குள் என்ன மாற்றினேன் என்று போலீஸுக்கு எப்படித் தெரியும்?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: வழக்கமான சோதனையில் பெரும்பாலும் தெரியாது. விபத்து நடந்து, இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்து, ஆர்.சி.யில் 98 சி.சி., வண்டியில் 132 சி.சி. என்று எழுதும்போது தெரியும். கம்பெனி வடிவமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கிறது.

கேள்வி: இரிடியம் பிளக் போட்டால் எத்தனை எச்.பி. ஏறும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: நல்ல நிலையில் இருக்கும் என்ஜினில் ஏறாது. நீண்ட நாள் உழைக்கும், அதற்கு வாங்கலாம். பழைய பிளக்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மூக்கு வெள்ளையா, காப்பிக்கொட்டை நிறமா, கரியா என்று பார்த்து எழுதுங்கள், அடுத்த முறை கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பற்றிப் பேசலாம்.