சொந்த லாரியின் முதல் வருடம்: எதைக் கழிக்கலாம், எந்த பில்லை வைக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு திருச்செங்கோடு பக்கம். பல வருடம் அடுத்தவர் லாரியில் டிரைவராக இருந்துவிட்டு, 2025 செப்டம்பர் 18-ம் தேதி செகண்ட் ஹேண்டில் ஒரு பத்து சக்கர லாரி வாங்கினேன். விலை 24 லட்சம். 4 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தேன், மீதி பைனான்ஸ். நானேதான் ஓட்டுகிறேன், கூட ஒரு கிளீனர். ஆகஸ்ட் வரை மாதம் 25,000 சம்பளம் வாங்கினேன். டீசல், டயர், டோல், டியூ, பேட்டா எல்லாவற்றையும் வரியில் கழிக்கலாம் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள். பில்லே வேண்டாம், அரசாங்கமே ஒரு தொகை வைத்திருக்கிறது என்கிறார் இன்னொருவர். எது சரி? புக்கிங் ஆபீசில் வாடகையில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்களே, அது திரும்பி வருமா?

பதில்: வணக்கம். அவர்கள் சொல்கிற இரண்டு வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

முதலில் பில் வேண்டாத வழி. 2025-26 நிதியாண்டுக்கு 1961-ம் வருட வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும். அதில் 44ஏஇ என்று ஒரு பிரிவு. வருடத்தில் எந்தச் சமயத்திலும் பத்துக்கு மேல் சரக்கு வண்டி வைத்திராதவர்களுக்கு இது. வண்டியின் மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல் இருந்தால், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் உங்கள் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழான வண்டி என்றால் மாதம் 7,500. பைனான்சில் இருந்தாலும் வண்டி உங்களுடையதாகத்தான் கணக்கு. வண்டி ஓடியதா, ஷெட்டில் நின்றதா என்று பார்ப்பதில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் கையில் இருந்தாலும் முழு மாதமாகத்தான் எடுப்பார்கள்.

உங்கள் ஆர்.சி.யில் மொத்த எடை 28,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 28,000 ரூபாய். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதத்துக்கு 1,96,000. ஐந்து மாதச் சம்பளம் 1,25,000. அதில் சம்பளக்காரர்களுக்கு பில் இல்லாமலே கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 50,000. மொத்தம் 2,46,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை, தள்ளுபடியையும் சேர்த்தால் 12 லட்சம் வரை கட்ட வேண்டியதில்லை. இதே மாதிரி மூன்று லாரி வருடம் முழுக்க வைத்திருந்தாலும் 44ஏஇ கணக்கில் 10,08,000தான் வரும். நிஜ லாபம் இதைவிட அதிகம் என்றால் அதிகமான தொகையைத்தான் காட்ட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வழியில் போனால் டீசல், டயர், வட்டி, தேய்மானம் (வண்டி பழசாவதால் வருடா வருடம் குறைகிற மதிப்பு) எதையும் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, ஸ்டாண்டில் சொல்கிற வழி. வாடகை வரவு முழுவதையும் காட்டி, செலவைக் கழித்து, மிச்சத்துக்கு வரி. வாடகைக்கு ஓடும் லாரிக்குத் தேய்மானம் வருடம் 30 சதவீதம் என்பதால் முதல் வருடம் பெரும்பாலும் நஷ்டம்தான் வரும். அந்த நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் 44ஏஇ தொகையைவிடக் குறைவாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் எழுதி, ஆடிட்டும் செய்தாக வேண்டும். எப்படியும் வரி வராத உங்களுக்கு, ஆடிட்டருக்குப் பணம் கொடுத்து நஷ்டம் காட்டுவதில் என்ன லாபம்? அடுத்த லாரிக்குக் கடன் கேட்கப் போகும்போது நஷ்டக் கணக்கு ரிட்டர்னைப் பார்த்தால் வங்கிக்காரர் யோசிப்பார். இந்த வருடம் 44ஏஇ-யிலேயே போங்கள் என்பதுதான் என் யோசனை.

அப்படியென்றால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. எந்த வழி என்பதை வருடா வருடம் நீங்களே முடிவு செய்யலாம். எஞ்சின் இறங்கி வண்டி நாலு மாதம் நின்ற வருடத்தில், நிஜக் கணக்கைக் காட்டுவது லாபமாக இருக்கலாம். அந்த முடிவை மார்ச்சில் எடுக்கலாம். ஏப்ரல் மாத பில்லை மார்ச்சில் போய் வாங்க முடியாது.

நிஜக் கணக்குக்குப் போகிற வருடத்தில் புது ஓனர்கள் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. டியூ முழுவதும் செலவு இல்லை, அதில் இருக்கும் வட்டி மட்டும்தான் செலவு. பைனான்ஸ் கம்பெனியில் வட்டி தனி, அசல் தனி என்று பிரித்த ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள். கிளீனருக்குக் கொடுக்கிற பேட்டா செலவு, கையெழுத்து போட்ட வவுச்சர் இருக்கட்டும். நீங்களே ஓட்டிவிட்டு உங்களுக்கே பேட்டா எழுதிக்கொள்ள முடியாது. ஓனர் எடுப்பது சொந்தச் செலவு. ஒரே நாளில் ஒரே பங்கில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக டீசல் அடித்தால் அந்தச் செலவு கழியாது. கார்டிலோ யுபிஐ-யிலோ கொடுங்கள். ஓவர்லோடு அபராதமும் கழியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய டன்னுக்கு 2,000 வீதம் தனி. மாமூலையும் எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்குக் கவலை தருகிற ஒன்று. அந்த 4 லட்சம் ரொக்கம். சொத்து வாங்கும்போது ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது வண்டியின் அடக்க விலையில் சேராது. 24 லட்சம் கொடுத்திருந்தாலும் வரிக் கணக்கில் உங்கள் லாரி 20 லட்சம்தான். (2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியதற்கு விற்றவர் பேரில் அபராதம் வரும், அது தனிக் கதை.) 44ஏஇ-யில் தேய்மானமே கிடையாதே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கழிக்காவிட்டாலும், கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 20 லட்சம் முதல் வருடம் 14 லட்சமாகும், இரண்டாம் வருடம் 9.8 லட்சமாகும். மூன்றாம் வருடம் 17 லட்சத்துக்கு விற்றால் 7.2 லட்சம் குறுகிய கால மூலதன ஆதாயம் (சொத்தை விற்றதில் வந்த லாபம்) என்று உங்கள் வருமானத்தில் ஏறும். ரொக்கம் இல்லாமல் வாங்கியிருந்தால் அது 5.24 லட்சத்தோடு நின்றிருக்கும். கொடுத்தது கொடுத்ததுதான், இனி மாற்ற முடியாது. ஆனால் விற்கிற அதே நிதியாண்டுக்குள் வேறு லாரி வாங்கினால், அதன் விலை இந்த ஆதாயத்துக்கு ஈடாகிவிடும். வாங்குகிற லாரிக்காவது முழுப் பணத்தையும் வங்கி மூலமாகக் கொடுங்கள்.

முதல் டிரிப் எந்தத் தேதி என்பதற்கும் ஆதாரம் வையுங்கள். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் தேய்மானம் பாதிதான். அக்டோபர் 3-க்குள் முதல் லோடு ஏற்றியிருந்தால் முழுத் தேய்மானக் கணக்கு.

தினசரி எழுத வேண்டியது அதிகமில்லை. டிரிப்புக்கு ஒரு பக்கம் போதும். கிளம்பிய கிலோமீட்டர், வந்து நின்ற கிலோமீட்டர், டீசல் எத்தனை லிட்டர், பேசிய வாடகை, அட்வான்ஸ், கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், பேட்டா, வர வேண்டிய பாக்கி. 1,200 கிலோமீட்டர் ஓடி 300 லிட்டர் குடித்தால் லிட்டருக்கு நாலு. அடுத்த டிரிப்பில் அது மூன்றரைக்கு இறங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். வரியை விடுங்கள், உங்கள் வண்டிக்கு இந்த நோட்டு வேண்டும். பங்க் பில் வெப்பத்தில் அச்சாகிற தாள். டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் எழுத்தே தெரியாமல் போய்விடும். வண்டி நம்பர் போட்டு வாங்கி, அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள். டோலுக்கு மாதம் ஒருமுறை பாஸ்டேக் ஸ்டேட்மென்ட் இறக்கி வைத்தால் சரி. டயர், எப்.சி., இன்சூரன்ஸ் பில்களைத் தனி கவரில் போடுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள்தான் வேறு. டன்னுக்கு 1,000 என்கிற முறை அப்படியே தொடர்கிறது.

கடைசியாக அந்த ஒரு சதவீதம். அது டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கிற வரி. கட்டாயம் திரும்பி வரும். பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதி, பான் நம்பரோடு புக்கிங் ஆபீசில் கொடுத்துவிட்டால் இனிமேல் பிடிக்க வேண்டியதே இல்லை. எந்தெந்த ஆபீசுக்கு லோடு அடிக்கிறீர்களோ அங்கெல்லாம் ஆளுக்கு ஒரு கடிதம். ஏற்கெனவே பிடித்தது உங்கள் பான் பேரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். கட்டாமல் வைத்திருந்தால் அவர்களிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். வரி வராது என்று ரிட்டர்ன் போடாமல் விட்டுவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. உங்களுக்கு ஐடிஆர்-4 படிவம் போதும். போடுவதற்கு முன்னால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வையுங்கள், ரீஃபண்ட் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.