ஃ-க்கு யார் வைத்த பெயர்?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். என் மகன் அவனுடைய மடிக்கணினியில் எழுத்துகளின் அட்டவணை ஒன்றைத் திறந்து காட்டினான். ஃ மேல் அம்புக்குறியை வைத்தால் ‘டமில் சைன் விசர்கா’ என்று வருகிறது. புள்ளிக்கு ‘விராமா’. ழகரத்துக்கு மூன்று ‘எல்’ போட்டு ஒரு ‘ஏ’. யார் வைத்த பெயர் இது? ஆய்தம் என்று மாற்றச் சொல்லி நாம் எழுதிப் போட்டால் மாற்ற மாட்டார்களா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற்ற மாட்டார்கள். நம் மேல் வன்மம் எதுவும் இல்லை, விதி அப்படி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண்ணும் பெயரும் தருகிற தரம் யூனிகோடு. 1996இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து, ஓர் எழுத்துக்கு வைத்த பெயர் வைத்ததுதான். எந்த ஊரில் எந்த நிரல் அந்தப் பெயரைச் சொல்லி எழுத்தைத் தேடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பெயரைத் தொட்டால் அது படுத்துவிடும்.

மேலிருந்து கீழாக எழுதும் கிழக்காசிய எழுத்துக்கான அடைப்புக்குறி ஒன்று 2005இல் சேர்ந்தது. அதன் பெயரில் ‘பிராக்கெட்’ என்ற சொல்லில் ‘சி’யும் ‘கே’யும் இடம் மாறி அச்சாகிவிட்டன. பச்சையான எழுத்துப்பிழை. அதையே திருத்தவில்லை, சரியான வடிவத்தை மாற்றுப்பெயர் என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். லாவோ மொழியில் இரண்டு எழுத்துகள் ஒன்றின் பெயரை மற்றொன்று சுமந்துகொண்டு நிற்கின்றன.

சரி, வடமொழியில் எழுத்துக்குப் பின்னால் இரண்டு புள்ளியாக வரும் விசர்கம், நம் ஃ-க்குப் பெயராக எங்கிருந்து வந்தது? இந்திய மொழிகளுக்கென்று ‘இஸ்கி’ என்றொரு குறியீட்டுத் தரம் இருந்தது. பிராமி வழி வந்த எழுத்து முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம். ஓர் ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே இடம். அதன் 1988 வடிவத்தை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டது. வடமொழி நெடுங்கணக்குக்கு அளவெடுத்த சட்டையை நமக்கும் மாட்டிய மாதிரி. மகனிடம் அட்டவணையை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கும். மற்ற மொழிகளில் அங்கே வர்க்க எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. விசர்கத்தின் இடத்தில் நம்மிடம் இருந்தது ஃ. இடத்தோடு பெயரும் ஒட்டிக்கொண்டது.

ழகரத்தின் பெயரில் எனக்குக் கோபம் இல்லை. யூனிகோடு பெயர்களில் ரோமன் பெரிய எழுத்துகள், எண்கள், சிறுகோடு, இடைவெளி இவை மட்டும்தான் வரலாம். எழுத்துக்கு அடியில் புள்ளியோ கோடோ போட வழியில்லாததால் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்: லகரத்துக்கு ஓர் ‘எல்’, ளகரத்துக்கு இரண்டு, ழகரத்துக்கு மூன்று. ந, ண, ன மூன்றுக்கும் ‘என்’ இதே கணக்கில் ஏறுகிறது. மூன்று சுழி, இரண்டு சுழி என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதற்கு இது ஒன்றும் தூரமில்லை. (சுழிக்கணக்கும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகாது, அது வேறு.)

தீராத கோபம் அனுஸ்வாரத்தின் மேல்தான், வடமொழியில் மூக்கொலிக்குப் போடும் புள்ளி அது. ‘டமில் சைன் அனுஸ்வாரா’ என்று பெயர் கொடுத்து, இடமும் கொடுத்து, அதிகாரபூர்வ அட்டவணையில் அதன் கீழேயே ‘தமிழில் பயன்படுவதில்லை’ என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அதையும் எடுக்க முடியாது.

அப்புறம், பெயரில் ‘சைன்’, அதாவது குறி, என்று இருந்தாலும் யூனிகோடின் வகைப்பாட்டில் ஃ ‘எழுத்து’ வகையில்தான் இருக்கிறது. தேவநாகரி விசர்கம் ஒட்டுக்குறி வகை. துணைக்காலை மட்டும் தனியாகத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும், ‘என்னைத் தாங்க ஓர் எழுத்து எங்கே’ என்று கேட்கிற மாதிரி. ஃ தட்டினால் வட்டம் வராது. ஆய்தத்தைத் தொல்காப்பியர் ‘எழுத்து ஓரன்ன’, அதாவது எழுத்தைப் போன்றது, என்றதை வகுப்பில் நடத்தும்போது இதையும் தட்டிக் காட்டலாம்.