பழைய பிக்அப்பின் தரை ஓட்டைக்கு மேலே தகரம் வைத்து ஒட்டினால் போதுமா?

ஹட்டன் பக்கம் ஓடும் பழைய பிக்அப்பில், ஓட்டுநரின் காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்கிறீர்கள். மேலே தகரம் ஒட்டுவது வண்டியை விற்பவருக்குத்தான் உதவும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி, துரு கண்ணுக்குத் தெரியாமல் பரவும்.

முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிவிடும். நம் மலைக் குளிரில் அது எளிதில் காயாது. உரமூட்டை ஏற்றிய வண்டியா? அமோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விரைவாக அரிக்கும்.

கார்ப்பெட்டை எடுத்துவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது பொத்தென்று அமுங்கும். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். ஓட்டை எப்போதும் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் முடியும். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டை வைத்து, ஒரே கோடாக ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வெல்டிங் செய்யும்படி வெல்டரிடம் சொல்லுங்கள். இல்லையேல் சூட்டில் தகடு நெளியும். அதற்குமுன் பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அடியில் செல்லும் எரிபொருள், பிரேக் குழாய்களைப் பார்த்து அவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான துத்தநாக பிரைமர், இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலர், இருபுறமும் பெயின்ட். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியிலும் துரு ஏறியிருந்தால், தரைக்குச் செலவழிக்கும் முன் அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.